எதிர்க்காற்றில் 109 கிலோமீட்டர்... கேப் டவுன் சைக்கிள் பந்தயம் கற்றுத்தரும் பாடங்கள்!

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. இன்னும் சரியாக விடியவில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், வழக்கமாகக் கார்கள் பறக்கும் அகலமான சாலையில் இன்று ஒரு காரும் இல்லை. எங்கு பார்த்தாலும் சைக்கிள்கள். தடுப்பு போட்டுப் பிரித்த பகுதிகளுக்குள் கூட்டம் கூட்டமாக ஆட்கள் நிற்கிறார்கள். கடைசி நேரத்தில் டயரை அழுத்திப் பார்க்கிறவர், சட்டையின் முதுகுப் பாக்கெட்டில் வாழைப்பழத்தைத் திணிக்கிறவர், மகளோடு இரட்டை சீட் சைக்கிளில் வந்திருக்கும் அப்பா, எழுபதைத் தாண்டிய தாத்தா என்று எல்லா வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். எல்லோருடைய கண்ணும் அடிக்கடி மேலே போகிறது. அங்கே கொடிகள் பறக்கின்றன. எந்தப் பக்கம் பறக்கின்றன, எவ்வளவு வேகமாகப் படபடக்கின்றன என்பதில்தான் இன்றைய நாளின் தலையெழுத்து இருக்கிறது.

கோடைக் காலத்தில் தென்கிழக்கிலிருந்து இந்த ஊருக்கு வரும் பலத்த காற்றுக்கு 'கேப் டாக்டர்' என்று உள்ளூரில் செல்லப் பெயர். நகரத்தின் புகையையும் தூசியையும் அடித்துக்கொண்டு போய் ஊரைச் சுத்தமாக்கிவிடுமாம். சைக்கிள்காரர்களுக்கு மட்டும் இந்த டாக்டர் கசப்பு மருந்துதான் கொடுக்கிறார்.

'கேப் டவுன் சைக்கிள் டூர்' என்ற இந்தப் பந்தயத்தின் தூரம் 109 கிலோமீட்டர். நகரத்தில் தொடங்கி, கேப் தீபகற்பத்தின் கிழக்குக் கடற்கரை வழியாகத் தெற்கே போய், மேற்குக் கடற்கரை வழியாக வடக்கே திரும்பி, மீண்டும் நகரத்திலேயே முடிகிறது. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கடல். உலகின் அழகான சைக்கிள் பாதைகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால், அழகைப் பார்த்துக்கொண்டே அசந்துவிட்டால், பாதி வழியில் கால் நின்றுவிடும்.

கோரிக்கையில் பிறந்த பந்தயம்

இந்தப் பந்தயம் பரிசுக்காகத் தொடங்கப்பட்டதல்ல. 1970-களின் பிற்பகுதியில் பில் மைல்ரியா, ஜான் ஸ்டெக்மன் என்ற இரண்டு சைக்கிள் ஆர்வலர்களுக்கு ஒரு கவலை இருந்தது. கேப் டவுன் சாலைகளில் கார்களுக்கு நடுவே சைக்கிள் ஓட்டுவது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற வேலையாக இருந்தது. சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டும் என்று அதிகாரிகளின் கவனத்தை ஈர்க்க, ஆட்களைத் திரட்டி சைக்கிள் ஊர்வலம் நடத்தினார்கள். அதன் தொடர்ச்சியாக 1978-ல் முதல் பந்தயம் நடந்தது. கலந்துகொண்டவர்கள் ஐந்நூற்றுச் சொச்சம் பேர்.

பின்னாளில் அந்த எண்ணிக்கை 35,000 வரை போனது. 'கேப் ஆர்கஸ்' நாளிதழின் பெயரோடு பல ஆண்டுகள் நடந்ததால், இன்றும் உள்ளூர்க்காரர்கள் இதை 'ஆர்கஸ்' என்றே சொல்கிறார்கள். பெடல் பவர் அசோசியேஷன் என்ற சைக்கிள் அமைப்பும், கிளேர்மான்ட் ரோட்டரி சங்கமும் இதற்குப் பின்னால் இருக்கின்றன. கிடைக்கும் வருமானம் நற்பணிகளுக்குப் போகிறது.

தொழில்முறை வீரர்களும் வருவார்கள். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஒரு நாள் கட்டத்தை வென்ற முதல் தென்னாப்பிரிக்கரான ராபர்ட் ஹன்டர், 2008-ல் இந்த 109 கிலோமீட்டரை 2 மணி 27 நிமிடத்தில் முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 44 கிலோமீட்டருக்கும் மேல்! ஆனால், இந்த விழாவின் உண்மையான நாயகர்கள் அவருக்குப் பின்னால் வந்தவர்கள்தான். வங்கியில் வேலை பார்ப்பவர்கள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள், இல்லத்தரசிகள். திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போக வேண்டியவர்கள். இவர்களுக்கு முதலிடம் என்ற கனவெல்லாம் கிடையாது. தங்கள் கடிகாரத்தோடுதான் போட்டி.

நேரம்தான் சொத்து

கடிகாரத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? காரணம் இருக்கிறது.

அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிட முடியாது. அதனால் பல குழுக்களாகப் பிரித்து, சில நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக அனுப்புகிறார்கள். ஒவ்வொருவரின் நேரமும் தனித்தனியே கணக்கிடப்படுகிறது. முந்தைய பந்தயங்களில் நல்ல நேரம் எடுத்தவர்களுக்கு முன்வரிசைக் குழு. புதியவர்களுக்குப் பின்வரிசை.

முன்வரிசைக் குழுவில் இடம் கிடைத்தால் அதிகாலைக் குளிர்ச்சியிலேயே பாதி தூரத்தைக் கடந்துவிடலாம். கூட ஓட்டுகிறவர்களும் அனுபவசாலிகள். பின்வரிசையில் நிற்பவருக்கு அவர் கிளம்பும்போதே வெயில் ஏறியிருக்கும். பெரும்பாலான நாள்களில் காற்றும் வலுத்திருக்கும். முன்னால் போன ஆயிரக்கணக்கானவர்களை விலக்கிக்கொண்டும் போக வேண்டும். ஒரு வருடம் நேரம் சரிந்தால், அடுத்த வருடம் இன்னும் பின்னால் நிற்க நேரிடும். இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்த இவர்கள் படும் பாட்டுக்கு இதுதான் காரணம்.

அந்த நிமிடங்களை மிச்சப்படுத்துவது கால் பலம் மட்டுமல்ல. எங்கே அழுத்த வேண்டும், எங்கே அடங்கி இருக்க வேண்டும் என்று தெரிவதுதான். பாதை நெடுக அதற்கான பாடங்கள் காத்திருக்கின்றன.

முதல் மேடு: அவசரத்துக்கு விலை

சிக்னல் கிடைத்ததும் குழு கிளம்புகிறது. சற்று நேரத்திலேயே சாலை மேலேறத் தொடங்கும். வலது பக்கம் டெவில்ஸ் பீக் மலை. 1967-ல் உலகின் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்த குரூட் ஸ்கூர் மருத்துவமனை அந்த மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. அதைக் கடக்கும்போது புதியவர்களின் இதயம் கிட்டத்தட்ட வெளியே வந்துவிடும் நிலையில் இருக்கும்!

மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த கால், கூட்டத்தின் ஆரவாரம், பக்கத்தில் ஒருவர் முந்திப்போனால் எழும் ரோஷம்... எல்லாம் சேர்ந்து முதல் பத்து கிலோமீட்டரில் தலைகால் தெரியாமல் ஓட்டவைத்துவிடும். அங்கே செலவழித்த பலம் திரும்பி வராது. 80-வது கிலோமீட்டரில் அதற்கு வட்டியோடு விலை கொடுக்க வேண்டும். 'பதறாத காரியம் சிதறாது' என்பது இங்கே அப்படியே பொருந்துகிறது.

அனுபவசாலிகள் இங்கே ஒரு சின்னத் தந்திரம் செய்கிறார்கள். எடின்பரோ டிரைவ் என்ற அடுத்த மேடு வருவதற்குச் சற்று முன்பே, சமதளத்திலேயே நகர்ந்து குழுவின் முன்பக்கம் வந்துவிடுகிறார்கள். மேட்டில் தங்களுக்கு வசதியான வேகத்தில் மட்டும் மிதிக்கிறார்கள். வேகமானவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போவார்கள். போகட்டும். உச்சிக்கு வரும்போது இவர்கள் குழுவின் கடைசியில் இருப்பார்கள். ஆனாலும் குழுவோடுதான் இருப்பார்கள். அதே மேட்டை, குழுவின் கடைசியிலிருந்து தொடங்கியிருந்தால்? உச்சியில் குழு நூறு மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அந்த நூறு மீட்டரைத் தனியாகப் பிடிக்கப் படும் பாட்டில் மொத்த பலமும் கரைந்துவிடும்.

மியூசன்பர்க்: காற்று என்னும் எதிராளி

நெடுஞ்சாலை முடிந்து கடற்கரைக்கு வந்தால் மியூசன்பர்க். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணம் பூசிய மரக் குடில்கள் வரிசையாக நிற்கும் கடற்கரை. அலைச்சறுக்குக்காரர்களின் சொர்க்கம். அடுத்து கால்க் பே என்ற மீன்பிடித் துறைமுகம், அதன் பிறகு ஃபிஷ் ஹுக். இடது பக்கம் ஃபால்ஸ் பே எனப்படும் வளைகுடா. சாலையை ஒட்டியே சைமன்ஸ் டவுன் போகும் ரயில் பாதை. அலை உயரமாக அடித்தால் நீர்த்துளி தண்டவாளம் வரை தெறிக்கும்.

டாக்டர் தன் வேலையைக் காட்டுவதும் இங்கேதான். தென்கிழக்குக் காற்று முன்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறி மோதும்.

சமதளத்தில் வேகமாக ஓட்டும்போது, நம் உழைப்பின் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால், காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதைச் சமாளிக்கத் தேவைப்படும் ஆற்றலோ எட்டு மடங்கு! இதற்கு ஒரே மருந்து, இன்னொருவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வது. 'டிராஃப்டிங்' என்பது இதன் பெயர். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பின்னால் வருபவர் அந்த மறைவில் சுலபமாகப் போகலாம். பெரிய கூட்டத்துக்குள் இருந்தால் லாபம் இன்னும் அதிகம். 121 பேர் கொண்ட சைக்கிள் கூட்டத்தை வைத்து நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்ட் பிளாக்கன் குழுவினர் ஓர் ஆய்வு செய்தனர். கூட்டத்தின் நடுவிலும் பின்பகுதியிலும் நல்ல இடத்தில் இருப்பவருக்கு, தனியாக ஓட்டுபவர் சந்திக்கும் காற்று எதிர்ப்பில் 5 முதல் 10 சதவிகிதம்தான் இருக்கிறது என்று 2018-ல் வெளியான அந்த ஆய்வு சொன்னது.

அப்படியானால் கடைசிவரை ஒண்டிக்கொண்டே போய்விடலாமே? முடியாது. எல்லோரும் அப்படி நினைத்தால் முன்னால் யார் போவது? அதனால் சின்னக் குழுக்களில் முறைவைத்து முன்னால் வருகிறார்கள். ஒருவர் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ காற்றைத் தாங்குவார். பிறகு காற்று வரும் பக்கமாகச் சற்று விலகி, வேகத்தைத் துளி குறைப்பார். மற்றவர்கள் கடந்து போனதும் வரிசையின் கடைசியில் ஒட்டிக்கொள்வார். அடுத்தவர் முன்னால் வருவார்.

புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. தங்கள் முறை வந்ததும், 'நானும் சளைத்தவன் இல்லை' என்று காட்ட வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். விளைவு, வரிசை அறுந்து சிதறும். பின்னால் இருப்பவர்கள் திட்டுவார்கள். இரண்டே முறை இப்படிச் செய்தால் அவருடைய பலமும் காலி. முன்னால் வந்தபோது குழு என்ன வேகத்தில் போனதோ, அதே வேகம்தான் மரியாதை. பலம் குறைந்தவர் பத்து விநாடி மட்டும் முன்னால் நின்றுவிட்டு விலகினாலும் யாரும் குறை சொல்வதில்லை. முடியவே முடியாதவர் கடைசியிலேயே இருக்கலாம். ஆனால், கடைசிவரை நிழலிலேயே வந்துவிட்டு, முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் மற்றவர்களை முந்திக்கொண்டு பாய்கிறவருக்கு மட்டும் அடுத்த வருடம் யாரும் முதுகு கொடுக்க மாட்டார்கள்!

காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது கணக்கு மாறும். இடமிருந்து காற்று வந்தால், மறைவு நேர் பின்னால் இருக்காது. வலப்பக்கம் சற்றுத் தள்ளி இருக்கும். அதனால் ஓட்டுபவர்கள் சாலையின் குறுக்கே சாய்வாக அணிவகுக்கிறார்கள். சாலையின் அகலத்துக்குள் நாலைந்து பேருக்குத்தான் மறைவு கிடைக்கும். ஆறாவது ஆள் ஓரத்தில் ஒற்றையாகக் காற்றில் மாட்டிக்கொள்வார். அங்கேயே தொங்கிக்கொண்டிருப்பது வீண். சற்றுப் பின்தங்கி, தன்னைப் போலவே மாட்டிக்கொண்டவர்களைச் சேர்த்து இரண்டாவது வரிசையைத் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

சைமன்ஸ் டவுன்: சக்கரத்தோடு சக்கரம்

அடுத்து சைமன்ஸ் டவுன். தென்னாப்பிரிக்கக் கடற்படையின் தளம். ஊரைத் தாண்டியதும் போல்டர்ஸ் கடற்கரை. 1982-ல் இரண்டு ஜோடி பென்குயின்கள் இங்கே வந்து குடித்தனம் தொடங்கின. இன்று அது பெரிய குடியிருப்பு. கழுதை கத்துவதுபோல இவை போடும் சத்தத்தைக் கேட்கவே சுற்றுலாப் பயணிகள் குவிகிறார்கள்.

சைக்கிள்காரர்களுக்கோ திரும்பிப் பார்க்க நேரமில்லை. பார்க்கவும் கூடாது. ஒரு குழுவுக்குள் போகும்போது முன் சக்கரத்துக்கும் அடுத்தவரின் பின் சக்கரத்துக்கும் நடுவே சில அடி தூரம்தான் இருக்கும். அமெச்சூர் பந்தயங்களில் நடக்கும் பல விபத்துகளுக்குக் காரணம், ஒருவரின் முன் சக்கரம் அடுத்தவரின் பின் சக்கரத்தை உரசிப் பக்கவாட்டில் ஏறிக்கொள்வது. முன்னால் இருப்பவர் சற்று நகர்ந்தால் போதும், பின்னால் இருப்பவர் கீழே விழுவார். அவர் மேல் இன்னும் நாலு பேர்.

அதனால்தான் எழுதப்படாத சட்டங்கள் சில இருக்கின்றன. சக்கரத்தை சக்கரத்தின் பக்கவாட்டில் நுழைக்காதே. முன்னால் இருக்கும் டயரையே வெறித்துப் பார்க்காமல், அவருடைய தோளுக்கு மேல் தூரத்தைப் பார். குழுவுக்குள் திடீர் பிரேக் கூடாது. வேகத்தைக் குறைக்க நிமிர்ந்து உட்கார்ந்தாலே போதும், காற்று பார்த்துக்கொள்ளும். பள்ளம் வந்தால் கை காட்டு, குரல் கொடு. சீட்டிலிருந்து எழுந்து மிதிக்கும்போது மிதியை விட்டுவிடாதே. அந்த நொடியில் சைக்கிள் பின்னால் உதைத்தது போல வரும். பின்னால் இருப்பவருக்கு அது ஆபத்து.

யார் பின்னால் போவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. பலசாலியின் பின்னால் போவதைவிட, நிதானமானவரின் பின்னால் போவது நல்லது. தோளும் தலையும் ஆடாமல், நேர்கோடு போட்டதுபோல ஓட்டுகிறவரைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி பந்தயம் ஜெயித்த மாதிரி.

சாப்பாட்டுப் பாடமும் இங்கேதான். உடலில் சேமித்திருக்கும் மாவுச்சத்து, கடுமையாக ஓட்டினால் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். தீர்ந்துவிட்டால் கண் இருட்டும், கால் கேட்காது. 'பசித்துப் புசி' என்பது வீட்டுக்குச் சரி. சைக்கிள் பந்தயத்தில் பசிப்பதற்கு முன்பே சாப்பிட வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான கணக்கு. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கும் என்பதால், மணிக்கு இரண்டு பழம் என்று வைத்துக்கொள்ளலாம். ஃபிஷ் ஹுக்கிலேயே முதல் பழத்தை உரித்திருந்தால்தான் மலையில் பலன் தெரியும்.

சைமன்ஸ் டவுனைத் தாண்டி ஸ்மிட்ஸ்விங்கல் மேடு. நீளமான ஏற்றம். சுற்றிலும் பாறையும் புதரும்தான். பபூன் குரங்குகள் சில நேரம் சாலைக்கே வந்துவிடும் பகுதி இது. இங்கே காற்று நேர் முகத்தில் மோதும். குழுவை விட்டுத் தனியாக இந்த மேட்டில் மாட்டிக்கொள்வதைவிட, மேட்டுக்கு முன்பே வேகத்தைச் சற்றுக் குறைத்து, பின்னால் வரும் குழுவுக்காகக் காத்திருப்பது மேல். ஒரு நிமிடத்தை இழந்து பத்து நிமிடத்தைச் சம்பாதிக்கும் இடம் இது. புதியவர்களுக்கு மனம் கேட்பதில்லை. அடுத்த வருடம் கேட்கும்!

முதுகில் காற்று: மயங்கக் கூடாத இடம்

தீபகற்பத்தின் முனையில் இருக்கும் கேப் பாயின்ட் தேசியப் பூங்காவின் வாசல் வரும். பந்தயம் உள்ளே போகாது. அங்கிருந்து மேற்கே திரும்பி, ஸ்கார்பரோ என்ற கடலோர ஊருக்கு இறங்கும். இதுவரை முகத்தில் அறைந்த காற்று, இப்போது முதுகைத் தள்ளும். மிஸ்டி கிளிஃப்ஸ் பகுதியில் அட்லாண்டிக் பெருங்கடலின் நீர்ப்புகை சாலையைத் தடவிப் போகும். மிதிக்காமலே சைக்கிள் ஓடுவதுபோல ஒரு சுகம்.

'காற்றுள்ள போதே தூற்றிக்கொள்' என்று இங்கே விரட்டுபவர்கள் உண்டு. ஆனால், பின்காற்றில் எல்லோருக்குமே வேகம் கிடைக்கிறது. கூடுதலாக அழுத்தி மிச்சமாகும் நேரம் சொற்பம். செலவாகும் பலமோ அதிகம். அனுபவசாலிகள் இந்த நேரத்தை இன்னொரு பழம் சாப்பிட, தண்ணீர் குடிக்க, தோளைத் தளர்த்த, மூச்சை நிதானப்படுத்தப் பயன்படுத்துகிறார்கள். காரணம், கொம்மெட்டி கிராமத்தைத் தாண்டியதும் சாலை கிழக்கே திரும்பும். சொல்லாமல் கொள்ளாமல் எதிர்க்காற்று மறுபடியும் வந்து நிற்கும்.

அந்த எதிர்க்காற்றுச் சாலையில்தான் ஓஷன் வியூ வருகிறது. பெயருக்கு 'கடல் காட்சி'. நிறவெறி ஆட்சிக் காலத்தில், 1960-களின் இறுதியில், சைமன்ஸ் டவுன் போன்ற இடங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கலப்பினக் குடும்பங்களை, 'இது வெள்ளையர் பகுதி' என்று சட்டம் போட்டு வெளியேற்றி, இங்கே கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். கடலோரத்தில் வாழ்ந்தவர்களுக்குக் கடல் தெரியாத இடத்தைக் கொடுத்து, அதற்கு இப்படி ஒரு பெயரும் வைத்தார்கள். சற்று முன்பு பென்குயின்களைத் தாண்டி உற்சாகமாக வந்த சாலையையும் இந்த ஊரையும் சேர்த்துப் பார்த்தால்தான் கேப் டவுன் புரியும்.

சாப்மன்ஸ் பீக்: கண்ணுக்கு விருந்து, காலுக்குச் சோதனை

நூர்டுக் ஊரைத் தாண்டினால், பந்தயத்தின் மகுடம். சாப்மன்ஸ் பீக் டிரைவ். செங்குத்தான மலைச் சரிவைக் குடைந்து, கடலுக்கு மேலே தொங்கவிட்டதுபோல அமைத்த சாலை. 1915-ல் வேலை தொடங்கி 1922-ல் திறக்கப்பட்டது. ஒன்பது கிலோமீட்டரில் 114 வளைவுகள். பாறைகள் உருண்டு விழுந்ததால் 2000-ல் மூடப்பட்டு, பாதுகாப்பு வலைகளும் கூரைகளும் அமைத்து 2003 கடைசியில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த இடைவெளியில் பந்தயம் வேறு பாதையில் போனது.

இங்கே குழு என்ற ஒன்றே இருக்காது. மேட்டில் வேகம் குறைவதால் காற்று மறைவின் பலனும் குறைந்துவிடும். அவரவர் கால், அவரவர் பாடு. முந்திப் போகிறவரைத் துரத்தக் கூடாது. அவர் எந்தக் குழுவில், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்பது யாருக்குத் தெரியும்? லேசான கியருக்கு மாறி, பக்கத்தில் இருப்பவரிடம் நாலு வார்த்தை பேச முடிகிற அளவுக்கு மூச்சை வைத்துக்கொண்டு ஏறினால் போதும். ஒரு வரிகூடப் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

உச்சியிலிருந்து ஹவுட் பே துறைமுகம் வரை இறக்கம். விரிகுடா முழுதும் கீழே விரியும் அந்தக் காட்சிக்காகவே சிலர் ஒவ்வொரு வருடமும் வருகிறார்கள். ஆனால், வளைவுக்கு வளைவு காற்று திடீரென்று தள்ளும். வளைவுக்குள் போவதற்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிட வேண்டும். வளைவின் வெளிப்பக்கப் பெடல் கீழே இருக்க, உடம்பின் பாரத்தை அதன் மேல் வைக்க வேண்டும். கண் வளைவின் முடிவைப் பார்க்க வேண்டும். பாறையைப் பார்த்தால் சைக்கிள் பாறைக்குத்தான் போகும். இறக்கத்தில் மிச்சமாகும் பத்து விநாடிக்காக எலும்பை அடகு வைக்க வேண்டியதில்லை.

சுய்கர்பொசி: இனிப்பான பெயர், கசப்பான மேடு

ஹவுட் பே ஊரிலிருந்து கிளம்பினால் கடைசி மேடு. பெயர் சுய்கர்பொசி. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் 'சர்க்கரைப் புதர்'. தேன் நிறைந்த பூக்கள் பூக்கும் உள்ளூர்ச் செடி ஒன்றின் பெயர் அது. தனியாகப் பார்த்தால் பெரிய மலையல்ல, இரண்டு கிலோமீட்டர் போலத்தான். ஆனால், 90 கிலோமீட்டர் மிதித்த காலுக்கு அது இமயமலை.

இருபுறமும் மக்கள் கூட்டம். மேளம், பாட்டு, கரி அடுப்பில் இறைச்சி வாட்டும் வாசனை. 'இன்னும் கொஞ்சம்தான்!' என்று முன்பின் தெரியாதவர்கள் கத்துவார்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் மேட்டில் ரோஷப்பட்டவர்கள் யார் யார் என்பது இங்கே தெரிந்துவிடும்! தசை பிடித்து ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். அடங்கி வந்தவர்கள், சிறிய கியரில், சத்தமில்லாமல் அவர்களைக் கடந்து போவார்கள்.

உச்சியைத் தொட்டதும் எல்லாம் முடிந்ததென்று மூச்சு விடத் தோன்றும். அங்கேயும் ஒரு தந்திரம். உச்சியைத் தாண்டி இன்னும் இருபது மிதி சேர்த்து மிதித்து வேகம் எடுத்துவிட வேண்டும். அப்போது முன்னால் போகும் நாலைந்து பேரோடு சேர்ந்துகொள்ளலாம். அதன் பிறகு கடலோரமாக முடிவுக்கோடு வரை அவர்களின் மறைவு கிடைக்கும். உச்சியிலேயே ஓய்வெடுத்தவர், அந்தத் தூரம் முழுவதையும் தனியாக மிதிக்க வேண்டியிருக்கும்.

'பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்' என்று பெயர் பெற்ற மலைத்தொடர் வலது பக்கம் கூடவே வரும். கேம்ப்ஸ் பே கடற்கரையில் தென்னை போலவே தெரியும் பனை வகை மரங்கள். பிறகு, 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்காகக் கட்டிய மைதானம் இருக்கும் கிரீன் பாயின்ட் பகுதியில் முடிவுக்கோடு. ஏழு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் பதக்கம்.

காற்று ஜெயித்த நாள்

எல்லா வருடமும் பதக்கம் கிடைத்துவிடுவதில்லை. 2015-ல் பந்தயத்துக்கு முந்தைய வாரம் தீபகற்பத்து மலைகளில் பெரும் காட்டுத்தீ. பாதை 47 கிலோமீட்டராகச் சுருக்கப்பட்டது.

2017 மார்ச் 12-ம் தேதி டாக்டர் முழுக் கோபத்தில் இருந்தார். தொடங்கும் இடத்திலேயே ஆட்களால் நிற்க முடியவில்லை. சைக்கிள்கள் பட்டம்போலக் காற்றில் மிதக்க, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆட்கள் தடுமாறும் வீடியோக்கள் உலகம் முழுவதும் பரவின. சில குழுக்கள் கிளம்பிய பிறகு, பந்தயம் ரத்து என்று அறிவித்தார்கள். ஒரு வருடப் பயிற்சி, விமான டிக்கெட், விடுப்பு... எல்லாம் போச்சு!

முதல் நாள்தான் ஹவுட் பேயில் இமிசாமோ யெத்து என்ற குடிசைப் பகுதியில் தீப்பிடித்து, ஆயிரக்கணக்கானவர்கள் வீடிழந்திருந்தார்கள். பந்தயக்காரர்களுக்காகப் பாதை நெடுக வைத்திருந்த தண்ணீரும் உணவும் அந்த மக்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. பந்தயம் நடந்திருந்தால், அந்த ஹவுட் பே ஊர் வழியாகத்தான் சுய்கர்பொசி மேட்டை நோக்கிக் குழுக்கள் போயிருக்கும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு...

சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்களும் இந்தப் பந்தயத்தை ரசிக்கலாம். மார்ச் மாதம் அங்கே கோடையின் கடைசி. பந்தய நாளில் பாதை முழுக்க வாகனங்களுக்கு மூடப்படுவதால், முதல் நாளே இடத்தைத் தேர்வு செய்துகொள்வது நல்லது. கால்க் பேயில் நின்றால் கடலும் கூட்டமும் ஒன்றாகத் தெரியும். ஹவுட் பேயில் நின்றால் கடைசி மேட்டுக்கு முந்தைய முகங்களைப் பார்க்கலாம். பந்தயம் முடிந்த மறுநாள் காரில் சாப்மன்ஸ் பீக் சாலையில் போய்வரலாம். கட்டணச் சாலைதான், ஆனால் கொடுத்த காசுக்கு மோசமில்லை.

அந்த மறுநாள், திங்கட்கிழமை, எல்லாச் சாலைகளிலும் கார்கள் திரும்ப வந்துவிடும். நேற்று நடுச்சாலையில் ராஜாவாகப் போனவர்கள், இன்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சாலையின் இடது ஓரத்தில், லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே வேலைக்குப் போவார்கள். 1978-ல் கேட்ட சைக்கிள் பாதை நகரத்தின் சில இடங்களில் வந்திருக்கிறது, பல இடங்களில் இன்னும் வரவில்லை. மாலையில் இருவர் மூவராகச் சேர்ந்து வீடு திரும்பும்போது, கடற்காற்று அடித்தால், யாரும் சொல்லாமலே ஒருவர் முன்னால் போவார். சற்று நேரம் கழித்து அவர் விலகிக்கொள்ள, அடுத்தவர் முன்னால் வருவார்.